கம்பெனி அச்சடித்த சம்பளம்

ஞாயிறு – பிராங்க்ஃபுர்ட்

1923ஆம் ஆண்டு ஜெர்மனியின் மத்திய வங்கியால் நாட்டுக்குத் தேவையான நோட்டை அச்சடித்துக் கொடுக்க முடியவில்லை. அப்போது சாயத் தொழிற்சாலை, இரும்பாலை, மோட்டார் கம்பெனி, நகராட்சி, சேமிப்பு வங்கி, ரயில்வே என்று ஆளாளுக்குச் சொந்தமாக நோட்டு அடித்தார்கள். நோட்கெல்ட் என்று அதற்குப் பெயர், அவசரகாலப் பணம். அந்த நோட்டுகள் பிறந்த ஊர்களைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். அன்றன்று பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

திருப்பூரில் பல வருடம் பனியன் கம்பெனிகளில் சம்பளக் கணக்குப் பார்த்தவன் நான். வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. வங்கியிலிருந்து பணம் வர ஒரு மணி நேரம் தாமதமானாலே வாசலில் நிற்பவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பழைய நோட்டைப் பார்த்தால் அதிலுள்ள படத்தைவிட, இது யார் கையில் சம்பளமாக விழுந்தது, அன்று மாலை அவர் இதை வைத்து என்ன வாங்கினார் என்றுதான் மனம் போகும்.

முதலில் போனது ஜெர்மன் மத்திய வங்கியின் பண அருங்காட்சியகத்துக்கு. நுழைவுக் கட்டணம் கிடையாது. பன்னிரண்டரைக் கிலோ தங்கக் கட்டியைத் தொட்டுப் பார்க்கும் இடத்தில் குழந்தைகள் கூட்டம். நான் பணவீக்கப் பகுதிக்குப் போய் அங்கேயே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

1914இல் ஒரு டாலருக்கு 4.20 மார்க். போருக்கான செலவை வரி போட்டுத் திரட்டாமல் பெரும்பாலும் கடன் பத்திரம் விற்றுத் திரட்டினார்கள். ஜெயித்தால் தோற்றவனிடம் வசூல் செய்துகொள்ளலாம் என்ற கணக்கு. தோற்றது ஜெர்மனி. 1921 மே மாதம் வெற்றி பெற்ற நாடுகள் நிர்ணயித்த நட்ட ஈடு 13,200 கோடி தங்க மார்க், அதாவது தங்கத்தின் மதிப்பில் கணக்கிட்ட மார்க். உள்நாட்டுக் கடன், வெளிநாட்டு நட்ட ஈடு, நிரந்தரப் பற்றாக்குறை பட்ஜெட் எல்லாம் சேர்ந்து அச்சு இயந்திரத்தின் மேல் விழுந்தன. 1923 ஜனவரியில் சராசரியாக ஒரு டாலருக்கு 17,972 மார்க். ஜூலையில் 3,53,412. ஆகஸ்டில் 46,20,455. செப்டம்பரில் ஒன்பதே முக்கால் கோடிக்கு மேல். அக்டோபரில் 2,526 கோடி. நவம்பர் 20ஆம் தேதி 4.2 லட்சம் கோடி. பெர்லினில் ஜனவரியில் 250 மார்க் அளவில் இருந்த ரொட்டி, நவம்பரில் 20,000 கோடி மார்க்கைத் தொட்டது.

மத்திய வங்கிக்காக அந்த ஆண்டு 133 அச்சகங்களில் 1,783 இயந்திரங்கள் ஓடின. காகிதம் கொடுத்தவை முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள். டிசம்பர் 1922 தேதியிட்ட 1,000 மார்க் நோட்டின் குறுக்கே சிவப்பு மையில் ‘நூறு கோடி’ என்று முத்திரை போட்டு வெளியில் விட்டார்கள். அப்படியும் பற்றவில்லை. விலை ஓடிய வேகத்துக்கு எந்த அச்சகமும் ஈடு கொடுக்க முடியாது.

சொந்த நோட்டு அடிக்கிற பழக்கம் 1923இல் புதிதாக முளைத்ததில்லை. 1914இல் போர் தொடங்கியவுடன் ஜனங்கள் வெள்ளிக் காசைப் பதுக்கினார்கள், சில்லறை இல்லாமல் போனது, ஊர் நிர்வாகங்கள் சின்னச் சின்னத் தாள் அடித்தன. நம் ஊரில் 1917இல் முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டு வந்ததற்கும் அதே போர்தான், அதே வெள்ளித் தட்டுப்பாடுதான் காரணம். அப்புறம் ஜெர்மனியில் 1920 முதல் 1922 வரை சேகரிப்பவர்களுக்காகவே வண்ண வண்ணமாக அடித்து விற்றார்கள். 1922 ஜூலையில் ஒரு சட்டம் போட்டு இதற்குக் கடிவாளம் போட்டது அரசு. சில மாதம்கூடத் தாங்கவில்லை. பெரிய தொகைக்கான நோட்டே கிடைக்காமல் போக, கம்பெனிகளும் ஊர்களும் மறுபடி அச்சகத்துக்கு ஓடின. நான் தேடி வந்தது இந்தக் கடைசிக் கட்டத்து நோட்டுகளை.

திங்கள் – ஹோக்ஸ்ட்

நகர ரயிலில் ஏறினால் கால் மணி நேரம்கூட ஆகாது. இன்று பிராங்க்ஃபுர்ட் நகரத்தின் ஒரு பகுதி. 1928 வரை தனி ஊர். மைன் ஆற்றங்கரையில் மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழமையான யுஸ்டினுஸ் தேவாலயம். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரசாயனத் தொழிற்பேட்டை. 1863இல் இங்கே தொடங்கிய சாயத் தொழிற்சாலைதான் பிற்காலத்தில் உலகம் முழுக்க ஹோக்ஸ்ட் என்று அறியப்பட்டது. ஜெர்மன் ரசாயனக் கம்பெனிகள் 1897க்குப் பிறகு செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. பிஹாரிலும் சென்னை மாகாணத்திலும் அவுரி பயிரிட்ட நிலங்கள் வேறு பயிருக்கு மாறியது அதனால்தான். இந்த மதில் சுவருக்குள் நடந்த வேலை நம் கடலூர்ப் பக்கத்து வயல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தெருவிலிருந்து பார்த்தால் கோபுரமும் பாலமும் சேர்ந்த செங்கல் கட்டடம் ஒன்று தெரியும். பீட்டர் பெரன்ஸ் வடிவமைத்தது. உள்ளே நினைத்தபோதெல்லாம் போக முடியாது, குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே அழைத்துப் போகிறார்கள். வண்ணச் செங்கல் அடுக்கிய அதன் கூடத்தைப் படத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். கட்டத் தொடங்கியது 1920, முடித்தது 1924. மார்க் செத்துக்கொண்டிருந்த அதே நான்கு வருடத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் எழும்பியிருக்கிறது. இதை யோசித்துக்கொண்டே வெகுநேரம் எதிர்ச் சாரியில் நின்றேன்.

அந்தக் காலத்தில் இந்தத் தொழிற்சாலையும் நோட்டு அடித்தது. சட்டப்படி நிதி அமைச்சகத்தின் அனுமதி வாங்க வேண்டும், வெளியிடும் தொகைக்கு ஈடு கட்ட வேண்டும். 1923 ஆகஸ்ட், செப்டம்பரில் அனுமதி வரும் வரை காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. அனுமதி இல்லாமலே அடித்தவர்கள் ஏராளம், அரசும் தடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனி நோட்டுகளில் பெரும்பாலும் ஒரே மாதிரி வாசகம்தான்: இத்தனை மார்க்குக்கான இந்தச் சீட்டை எங்கள் கருவூலம் ஏற்கும்; செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு இத்தனை நாளுக்குப் பின் செல்லாது. கீழே இயக்குநர்கள் கையெழுத்து.

சரி, இது எப்படிப் பணமானது? தொழிலாளி வாங்கிக்கொண்டு போய் ரொட்டிக் கடையில் நீட்டுவார். கடைக்காரருக்கு அந்தக் கம்பெனியைத் தெரியும், புகைபோக்கி அவர் வாசலிலிருந்தே தெரிகிறது, அதனால் வாங்குவார். அவர் வங்கியில் கட்டுவார். வங்கி மூட்டையாகச் சேர்த்துக் கம்பெனியிடம் அனுப்பி மத்திய வங்கிப் பணமாக மாற்றிக்கொள்ளும். கம்பெனியைத் தெரிந்தவர்கள் இருக்கும் தூரம் வரைதான் நோட்டு நடக்கும். அதைத் தாண்டினால் தயங்குவார்கள், அல்லது குறைத்து மதிப்பார்கள்.

இனி நான் பழகிய கணக்கு. ஆகஸ்ட் மாதம் ஒரு தொழிலாளிக்குக் கம்பெனி 10 லட்சம் மார்க் சீட்டு கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மாதச் சராசரிப்படி அது சுமார் 22 சென்ட். அந்தச் சீட்டு கடை, வங்கி என்று சுற்றிக் கம்பெனியின் வாசலுக்குச் செப்டம்பரில் திரும்புகிறது. அப்போது கம்பெனி கொடுக்க வேண்டியதும் அதே 10 லட்சம் மார்க்தான். ஆனால் அது இப்போது ஒரு சென்ட். உழைப்பை 22 சென்டுக்கு வாங்கிக்கொண்டு ஒரு சென்ட் கொடுத்துக் கடனைத் தீர்த்தாகிவிட்டது. வட்டி இல்லாத கடன். அதுவும் தானாகவே தேயும் கடன். மீதி 21 சென்டைச் சுமந்தவர்கள் யார்? சீட்டை ஒரு நாள் கையில் வைத்திருந்த தொழிலாளி, இரண்டு நாள் கல்லாவில் வைத்திருந்த கடைக்காரர், ஒரு வாரம் பெட்டகத்தில் வைத்திருந்த வங்கி. நோட்கெல்ட் பற்றிப் பேசுகிறவர்கள் படங்களின் அழகைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். இந்த 21 சென்டையும் பேச வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கம்பெனிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனமில்லை. சம்பள நாள் காலையில் மத்திய வங்கிக் கிளைக்கு ஆள் அனுப்பினால் ‘நோட்டு இல்லை’ என்று பதில் வரும். அன்று சொந்தச் சீட்டும் அடிக்கவில்லை என்றால் அத்தனை வீட்டிலும் அடுப்பு எரிந்திருக்காது. நானாக இருந்தாலும் அச்சகத்துக்குத்தான் ஓடியிருப்பேன். நான் கேட்பது வேறு. சீட்டு அடித்ததில் தப்பில்லை. சம்பளத்தை மதிப்பு குறையாத அளவுகோலில் கணக்கிடுங்கள் என்று தொழிற்சங்கங்கள் அந்தக் கோடையில் கேட்டுக்கொண்டே இருந்தன. அதை முன்பே கொடுத்திருந்தால் நட்டம் சரியான இடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

செவ்வாய் – எஸ்ஸன்

ரூர் பகுதிக்கு வந்துவிட்டேன். ஹோக்ஸ்ட் நோட்டு ஏன் அடித்தது என்பதற்கு உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

1923 ஜனவரி 11ஆம் தேதி பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் இந்த நிலக்கரிப் பகுதிக்குள் நுழைந்தன. நட்ட ஈடாக வர வேண்டிய நிலக்கரியும் மரமும் சரியாக வரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். ஜெர்மன் அரசு ஆயுதம் எடுக்கவில்லை. வேலை செய்யாதீர்கள், ஒத்துழைக்காதீர்கள் என்றது. ரயில் ஓடவில்லை, சுரங்கத்தில் இறங்கவில்லை. ஆனால் வேலை நிறுத்தியவர்களுக்கும் சம்பளம் போக வேண்டுமே? அதை அரசு கொடுத்தது, நோட்டு அடித்துக் கொடுத்தது. நிலக்கரி வருமானமும் போய், செலவும் ஏறி, மார்க் அதலபாதாளத்துக்குப் போனது அதற்குப் பிறகுதான். அடித்த நோட்டையும் இங்கே கொண்டுவருவது பெரும்பாடு. வழியிலும் வங்கிக் கிளைகளிலும் பிரெஞ்சுப் படை பணத்தைப் பறிமுதல் செய்தது. ஆகவே ரூர் நகரங்களும் கம்பெனிகளும் இங்கேயே அடித்துக்கொண்டன. எஸ்ஸனின் இரும்பு, ஆயுதக் கம்பெனியான க்ரூப் அடித்தது. இதே மாதிரி ரைன் நதியோரம் லெவர்குஸனில் பேயர், லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப், தெற்கே ஸ்டுட்கார்ட்டில் டைம்லர், போஷ். இன்று காரின் முகப்பிலும் மாத்திரை அட்டையிலும் நாம் பார்க்கும் பெயர்கள் அன்று ரூபாய் நோட்டின் மேல் இருப்பதுபோல் பணத்தின் மேல் இருந்தன.

காலையில் அல்டென்டோர்ஃபர் தெருவுக்குப் போனேன். பழைய க்ரூப் நிலத்தின் மேல் இப்போது புல்வெளியும் கண்ணாடி அலுவலகங்களும். நடுவே ஒரு சின்ன வீடு, ஓடு வேய்ந்தது. க்ரூப் குடும்பம் தொழில் தொடங்கிய காலத்தில் வாழ்ந்த வீட்டை இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதே போலத் திரும்பக் கட்டியது. இந்தத் தெருவில்தான் 1923 மார்ச் 31, ஈஸ்டருக்கு முந்தைய நாள், பிரெஞ்சுச் சிப்பாய்கள் சிலர் க்ரூப்பின் வண்டிகளைக் கைப்பற்ற வந்தார்கள். ஆலைச் சங்குகள் ஊதின. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். சிப்பாய்கள் சுட்டதில் 13 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிறகு பிரெஞ்சு ராணுவ நீதிமன்றம் தண்டித்தது முதலாளி குஸ்டாவ் க்ரூப்பை: 15 வருடச் சிறை, 10 கோடி மார்க் அபராதம். சில மாதத்தில் அவர் விடுதலையாகி வீடு திரும்பினார். நவம்பரில் அந்த 10 கோடி மார்க்குக்கு ரொட்டியின் ஒரு துணுக்குகூடக் கிடைத்திருக்காது.

மதியம் வில்லா ஹ்யூகல். அவர் திரும்பி வந்த வீடு. 269 அறைகள். நகர ரயில் நிலையத்தில் இறங்கி மரங்களுக்கிடையே மேடேற வேண்டும். வீட்டை நிதானமாகப் பார்க்க எனக்கு மனம் ஓடவில்லை. பூங்காவில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். காலையில் பார்த்த தெரு மனதில் கிடந்தது.

பக்கத்து ஊர் மியூல்ஹைம். ஹ்யூகோ ஸ்டின்னஸின் ஊர். நிலக்கரி வியாபாரத்தில் தொடங்கிய அவர் பணவீக்கக் காலத்தில் வங்கியில் கடன் வாங்கிக் கப்பல், சுரங்கம், செய்தித்தாள், ஹோட்டல் என்று வாங்கிக் குவித்தார். கடன் மார்க்கில், வாங்கியது மண்ணும் இரும்பும். கடன் கரைந்தது, சொத்து நின்றது. போர்க் கடன் பத்திரத்தில் ஆயுள் சேமிப்பைப் போட்ட ஆசிரியரும் விதவையும் அதே காலத்தில் நேரெதிர்ப் பக்கத்தில் இருந்தார்கள்: அவர்களுடைய சொத்து மார்க்கில், தேவை ரொட்டியில்.

புதன் – பீலஃபெல்ட்

இன்று மனம் கொஞ்சம் லேசானது. துணி பார்த்தேன்.

பீலஃபெல்ட் லினன் ஊர். 1850களில் கட்டிய ராவன்ஸ்பெர்க் நூற்பாலை கோட்டை மாதிரி நிற்கிறது. அதற்குள்தான் நகரத்தின் வரலாற்று அருங்காட்சியகம். பழைய நூற்பு இயந்திரங்களின் பக்கம் போனவுடன் எனக்கு நம் ஊர் மில்லுக்குள் போன மாதிரியே இருந்தது.

இந்த ஊரின் நகரச் சேமிப்பு வங்கி நோட்டைத் துணியில் அடித்தது. பட்டு, லினன், வெல்வெட். அப்போது வங்கியின் இயக்குநர் பவுல் ஹங்கே. உள்ளூர் நெசவாலைகளில் துணிக்குக் குறைவில்லை, அச்சடிக்கவும் ஆள் உண்டு. சில நோட்டுகளுக்கு ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள். சாயம் மங்காமல், எழுத்து கலையாமல் நூறு வருடம் தாண்டியும் அப்படியே இருக்கிறது. நான் துணித் தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: பட்டின் மேல் இவ்வளவு பொடி எழுத்தை இவ்வளவு கூர்மையாக அடிப்பது லேசான வேலையில்லை. ஓரம் முழுக்க வாசகங்கள். காலத்தைப் பற்றிய புலம்பல், ஊர்ப் பெருமை, விலைவாசி, கேலிப் படம். துணியின் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும்.

ஹங்கே கெட்டிக்காரர். இவற்றை உலகம் முழுக்க இருந்த சேகரிப்பாளர்களுக்கு விற்றார். விற்ற நோட்டு திரும்பி வராது. திரும்பி வராத நோட்டுக்கு வங்கி எதுவும் தர வேண்டாம். அந்த வருமானம் ஊருக்கு. நேற்று முன்தினம் நான் போட்ட கணக்கில் நட்டம் தொழிலாளியின் தலையில் விழுந்தது. இங்கே செலவு, விரும்பி வாங்கிய வெளியூர்க்காரருடையது. நோட்கெல்ட் கதை முழுவதிலும் எனக்கு மனதாரப் பிடித்த ஏற்பாடு இது ஒன்றுதான். தோல் பதனிடும் ஊரான ப்யோஸ்னெக் தோலில் நோட்டு அடித்ததும், மைஸன் பீங்கான் ஆலை பழுப்புக் கல்பீங்கானில் காசு வார்த்ததும் இதே வழிதான். ஊருக்கு எது கைவந்த தொழிலோ அதிலேயே பணம்.

இருட்டும் வரை நூற்பாலைப் பூங்காவில் இருந்தேன். புதன்கிழமைக்குப் பயணத்தை அமைத்ததும் காரணத்தோடுதான். இந்த அருங்காட்சியகம் வாரத்தின் முதல் இரண்டு நாளும் திறக்காது.

வியாழன் – ஹாமெல்ன்

ல்யோனெயில் ரயில் மாறி வந்தேன். எலி பிடிப்பவன் கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஊர். 1284இல் 130 பிள்ளைகள் அவன் குழலின் பின்னே போனார்கள் என்று பழைய வீட்டுச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் போன சந்தில் இன்றும் மேளதாளம் வாசிப்பதில்லை. ஊர் தன் நோட்டிலும் அவனைத்தான் போட்டது.

இப்படி ஊர்க்கதை போட்டு 1920, 21, 22இல் வந்த நோட்டுகள் பெரும்பாலும் ஆல்பத்துக்காகவே அடித்தவை. அழகானவை நிறைய. சில ஊர்கள் தங்கள் நோட்டில் யூத வெறுப்பையும் அச்சிட்டன. பழைய கொலைப் பழிகளையும் கேலிச் சித்திரங்களையும் ஊர்ப் பெருமை போலப் போட்டன. செல்லாமல் போன மார்க் நோட்டுகளின் வெற்றுப் பின்பக்கத்தில் யூதர்களைப் பழிக்கும் வாசகம் அச்சடித்துப் பின்னாளில் நாஜிகள் வீதியில் விநியோகித்தார்கள். ஆல்பம் புரட்டும்போது இந்தத் தாள்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறேன்.

வெள்ளி – வைமார்

ஹனோவர், எர்ஃபுர்ட் வழியாக வர அரை நாள் பிடித்தது. 1919இல் குடியரசின் அரசியல் சட்டத்தை எழுதிய நாடக அரங்கம் இங்கே. அதற்கு எதிரிலேயே அந்தக் குடியரசுக்கான அருங்காட்சியகம். அங்கே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழுவோடு சேர்ந்து நானும் சுற்றினேன். ஆசிரியை 1923 பற்றிக் கேட்டதும் ஒரு பையன் தள்ளுவண்டி நிறையப் பணம் என்று சொன்னான். எல்லோர் நினைவிலும் அந்தப் படம்தான்.

நான் இங்கே வந்தது ஹெர்பெர்ட் பாயருக்காக. பௌஹவுஸ் கலைப்பள்ளி மாணவர், வயது 23. துரிங்கியா மாநில வங்கிக்கு அவசரமாக நோட்டு தேவைப்பட, 1923 ஆகஸ்டில் வடிவமைப்பு அவரிடம் வந்தது. 10 லட்சத்தில் தொடங்கி 10 கோடி மார்க் வரை. ராஜா தலை இல்லை, கழுகு இல்லை, கொடி வளையம் இல்லை. பட்டையான எழுத்து, பெரிய எண், தட்டையான வண்ணம், ஒரு பக்கம் மட்டும் அச்சு. அலங்காரத்துக்கு நேரமில்லை என்பதையே அவர் வடிவமாக்கினார். இன்று பார்த்தாலும் நேற்று செய்தது போல இருக்கிறது. தெருவோரப் பழம்புத்தகக் கடைக்காரர் ஒருவர் கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்த 10 லட்சம் மார்க் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். மெல்லிய காகிதம். விற்க மனமில்லை என்றார், நானும் கேட்கவில்லை.

நோட்டில் தேதி ஆகஸ்ட் 9. வெளியானது செப்டம்பர் 1. அந்த மூன்று வாரத்துக்குள் டாலர் ஒரு கோடி மார்க்கை எட்டிவிட்டதால், வெளியாகும்போதே 10 லட்சம் என்பது பத்து சென்ட். அதே ஆகஸ்ட் நடுவில்தான் பௌஹவுஸ் தன் பெரிய கண்காட்சியை இந்த ஊரில் திறந்தது. பார்க்க வந்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கக் கொடுத்த பணத்தை நினைத்துப் பார்த்தேன்.

மார்க்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. வடமேற்கில் ஓல்டன்பர்க் மாநிலம் 1922 நவம்பரிலேயே ரை என்ற தானியத்தில் கடன் பத்திரம் வெளியிட்டது: இத்தனை கிலோ ரையின் விலை திரும்பக் கிடைக்கும் என்று. பாடன் பக்கம் நிலக்கரியில். 1923 இலையுதிர் காலத்தில் டாலரையும் தங்க மார்க்கையும் அளவுகோலாக எழுதிய நோட்டுகளை நகரங்களும் ரயில்வேயும் வெளியிட்டன. கோடையில் தொழிற்சங்கங்கள் கேட்ட அந்த நிலையான மதிப்பு, கடைசியில் சம்பள உறைக்குள் வந்து சேர்ந்தது இப்படித்தான், தாமதமாக.

சனி – பெர்லின்

காலையில் க்ரொய்ட்ஸ்பெர்க்கில் ஒரானியன் தெரு. அரசு அச்சகம் அன்று இருந்த அதே இடத்தில் இன்றும் அரசு அச்சகம் இருக்கிறது. இப்போது கடவுச்சீட்டு அச்சடிக்கிறார்கள். 1923 ஆகஸ்ட் 10இல் இங்கே அச்சுத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். நோட்டு அடிப்பவரின் சம்பளமும் அதே நோட்டில்தானே வருகிறது. இயந்திரம் நின்றதும் நாடு முழுக்கப் பணம் வறண்டது, இரண்டு நாளில் பிரதமர் குனோவின் அரசு கவிழ்ந்தது, ஸ்ட்ரேசமான் பிரதமராகப் பொறுப்பேற்றார். கம்பெனி நோட்டுகள் பெருவெள்ளமாகப் பெருகியது அதே வாரங்களில். ரூர் எதிர்ப்பைச் செப்டம்பர் 26இல் ஸ்ட்ரேசமான் கைவிட்டார். வேறு வழியில்லை.

அப்புறம் நடுப்பகல் வில்ஹெல்ம் தெரு வழியாக நடந்தேன். நிதி அமைச்சகம் இருந்த பகுதி. நவம்பர் 12இல் நாணய ஆணையராக வந்த ஹ்யால்மார் ஷாஹ்ட்டுக்கு அங்கே துடைப்பம், வாளி வைக்கும் அறை ஒன்றைத்தான் ஒதுக்கினார்கள் என்று சொல்வார்கள். ஒரு செயலாளர், ஒரு தொலைபேசி. இவர்தான் பின்னாளில் ஹிட்லரின் பொருளாதார அமைச்சர் ஆனார், நியூரம்பெர்க்கில் விசாரணைக் கூண்டில் நின்று விடுதலையும் ஆனார். நவம்பர் 15இல் நிலத்தையும் தொழிலையும் ஈடாகக் காட்டிய ரென்டன்மார்க் புழக்கத்துக்கு வந்தது. ஒரு ரென்டன்மார்க் என்பது ஒரு லட்சம் கோடி பழைய மார்க். பன்னிரண்டு சைபரை அடித்தால் போதும்.

புதிய பணம் வெளியானதைவிட முக்கியமான காரியம் ஒன்றை அந்த வாரம் செய்தார்கள் என்று நினைக்கிறேன். நவம்பர் 22 முதல் மத்திய வங்கி யாருடைய அவசர நோட்டையும் ஏற்காது என்று அறிவித்தார்கள். இதுவரை கம்பெனி எழுதிய சீட்டை வங்கி வாங்கி, மத்திய வங்கி கடைசியில் தலையில் ஏற்றுக்கொண்டது. அந்தக் கதவு சாத்தப்பட்டது. ரைன், ரூர் பக்கத்துத் தொழிலதிபர்களும் மேயர்களும் கொதித்தார்கள். கொலோனில் நவம்பர் 25இல் ஷாஹ்ட்டைக் கூட்டி வைத்து எதிர்த்தார்கள். அந்த ஊர்ச் சந்தையில் டாலர் அதிகார விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அவர் மசியவில்லை. தாங்கள் எழுதிய சீட்டைத் தாங்களே மீட்க வேண்டும் என்றான பிறகு, புதிதாகச் சீட்டு எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. ஹோக்ஸ்டில் நான் போட்ட கணக்கிலுள்ள அந்த 21 சென்ட் வித்தை அன்றோடு நின்றது. இதை முன்பே செய்திருக்கலாமா என்றால், ரூரில் சம்பளம் நிற்கும். அதையும் மறக்கக் கூடாது.

சாயங்காலம் போடே (Bode) அருங்காட்சியகத்துக்கு அருகே ஆற்றங்கரைச் சந்தை. பழைய புத்தகம், தபால் அட்டை, நடுவே தட்டுத் தட்டாக நோட்கெல்ட். ஒரு பெரியவர் எனக்கு முதலில் எலி பிடிப்பவனையும் மந்திரவாதிகளையும் எடுத்துக் காட்டினார். தொழிற்சாலை நோட்டு வேண்டும் என்றேன். கீழே இருந்த அட்டைப் பெட்டியைத் தூக்கி வைத்தார். பெரும்பாலும் ஒரு பக்க அச்சு, மட்டக் காகிதம், ஒன்று இரண்டு யூரோ. யாரும் கேட்பதில்லையாம். துளை போட்டவை, போடாதவை என்று இரண்டு வகை. கம்பெனிக்குத் திரும்பி வந்து பணம் கொடுத்துத் தீர்த்த சீட்டில் துளையோ ‘ரத்து’ முத்திரையோ இருக்கும். துளை இல்லாதவற்றில் சில, வெளியிடாமல் அலுவலகத்திலேயே தங்கியவை; மடிந்து, கசங்கி, மூலை தேய்ந்து, அதே சமயம் துளையும் இல்லாதவை யாரோ மாற்றாமலே விட்டவை. மாற்றுவதற்கு டிராம் கட்டணம் கொடுத்துப் போய் வந்தால் நட்டம் என்ற நிலையில் விட்டிருக்கலாம், அறிவித்த கெடு தாண்டியும் போயிருக்கலாம். கசங்கிய ரகத்தில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன்.

வர விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிராங்க்ஃபுர்ட் அருங்காட்சியகம் சனிக்கிழமை மூடியிருக்கும், பீலஃபெல்ட் திங்கள், செவ்வாய். பெர்லின் ஆற்றங்கரைச் சந்தை வார இறுதியில் மட்டும். பீலஃபெல்ட் பட்டு நோட்டும் பாயர் தாளும் விலை கூடியவை, தெரிந்த வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள், மறுபதிப்பு நிறையச் சுற்றுகிறது. கம்பெனி நோட்டு வாங்கினால் கையெழுத்துக்கு மேலே இருக்கும் பொடி வாசகத்தை யாரிடமாவது கேட்டுப் படித்துப் பாருங்கள். எந்தக் கருவூலம், எத்தனை நாள் கெடு என்று அதில் இருக்கும்.